மாணவர் கழகம்: நிழலா, சுவரா?



கல்லூரிகளில் இந்திய மாணவர் கழகம், சீன மாணவர் கழகம், அனைத்துலக மாணவர் கழகம் என்று தனித்தனியாக இருப்பது நல்லதா, கெட்டதா? இதுதான் இன்றைய கருத்துக்களத்தின் கேள்வி. "அவை இல்லையென்றால் நம் பிள்ளைகள் திக்குத் தெரியாமல் தவிப்பார்கள்" என்கிறது ஓர் அணி. "அவை இருப்பதால்தான் பிள்ளைகள் கிணற்றுத் தவளையாகவே படித்து முடித்து வெளியே வருகிறார்கள்" என்கிறது மற்றோர் அணி. இரண்டு பக்கமும் உண்மை இருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு 'ஆம்', 'இல்லை' என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மலாக்கா மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். 1996ஆம் ஆண்டில் தனியார் உயர்கல்விக் கூடங்களுக்கான சட்டம் வந்தது. அதே காலத்தில் டெலிகோம் பல்கலைக்கழகமாக மலாக்காவில் தொடங்கப்பட்டதுதான், பின்னர் மல்டிமீடியா பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. 1997இல் மலாக்கா-மணிப்பால் மருத்துவக் கல்லூரி வந்தது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரி, 2007இல் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மலாக்கா ஆனது. அதன் முதன்மை வளாகம் டுரியான் துங்காலில் இருக்கிறது. ஒரு காலத்தில் ரப்பர் பால் வாடை வீசிய பக்கமெல்லாம் இன்று கணினி வாடை வீசுகிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

இந்த வளாகங்களுக்குள் ஒரே நாளில் இரண்டு விதமான பிள்ளைகள் நுழைகிறார்கள். ஒருவர் ஜாசின், மெர்லிமாவ், கெமுனிங், தெபோங் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்கள். அப்பா செம்பனைத் தோட்டத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்ப்பவர். அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியேறும் முதல் ஆள் அவராகத்தான் இருப்பார். மற்றொருவர் ஏமனிலிருந்தோ, வங்காளதேசத்திலிருந்தோ, சூடானிலிருந்தோ, இலங்கையிலிருந்தோ விமானம் ஏறி வந்தவர். ஒருவர் ஐம்பது கிலோமீட்டருக்குள் இருந்து வந்தவர். மற்றவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்தவர். ஆனால் முதல் நாள் இரவு விடுதி அறையில் விளக்கை அணைத்ததும் இருவர் மனத்திலும் எழும் கேள்வி ஒன்றுதான்: 'இங்கே எனக்கு யார் இருக்கிறார்கள்?'

நம் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது யார்? பெரும்பாலும் இந்திய மாணவர் கழகத்து அண்ணனோ அக்காளோதான். "எந்தத் தோட்டம் தம்பி?" என்று ஒரு குரல் கேட்டதும் பாதி பயம் பறந்துவிடுகிறது. 1997இல் அமைக்கப்பட்ட உயர்கல்விக் கடனுதவி நிதியான பி.டி.பி.டி.என். பாரத்தை எப்படிப் பூர்த்தி செய்வது, எந்த விரிவுரையாளரிடம் எப்போது போய்ச் சந்தேகம் கேட்பது, பழைய பாடநூல் யாரிடம் கிடைக்கும், சைவச் சாப்பாடு எந்தக் கடையில் கிடைக்கும், பொங்கலுக்கு ஊர் போக எந்தப் பேருந்து என்பதையெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் நடக்கும் விரிவுரை முதல் மாதம் காதில் விழுந்தும் மனத்தில் ஏறாத பிள்ளைக்கு, அதைத் தமிழில் ஒருமுறை விளக்கிச் சொல்ல ஓர் ஆள் கிடைத்தால் அவன் தப்பித்தான். கிடைக்காவிட்டால், "எனக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது" என்று பெட்டியைக் கட்டிவிடுகிறான். மூளை இல்லாமல் படிப்பை விட்டவர்களைவிட, கேட்க ஆள் இல்லாமல் விட்டவர்கள் அதிகம். ஆகவே இனக் கழகம் வேண்டாம் என்று சொல்பவர்கள், அந்தக் கழகம் செய்துவரும் இந்தச் சத்தமில்லாத தொண்டை மறந்துவிடக் கூடாது. அது நிழல். வெயிலில் வந்தவனுக்கு நிழல் வேண்டும்.

ஆனால் நிழலில் நின்றவன் அங்கேயே படுத்துத் தூங்கிவிட்டால்?

கல்லூரி உணவகத்தைப் பாருங்கள். ஒரு மேசையில் தமிழ்ப் பிள்ளைகள். அடுத்த மேசையில் சீனப் பிள்ளைகள். அதற்கடுத்து மலாய்ப் பிள்ளைகள். மூலையில் அரபு பேசுபவர்கள். வாசலோரத்தில் ஆப்பிரிக்க மாணவர்கள். மூன்று ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ்ச் சாப்பிட்டுவிட்டு, பக்கத்து மேசைக்காரரின் பெயர் தெரியாமலேயே பட்டம் வாங்கிப் போகிறவர்கள் உண்டு. தீபாவளி விருந்துக்கு வெளிநாட்டு மாணவர்களை அழைக்கிறார்கள். அழைத்து என்ன செய்கிறார்கள்? பெண்களுக்குச் சேலை கட்டிவிட்டு, ஆண்களுக்கு ஜிப்பா மாட்டிவிட்டு, படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு மேடையில் மூன்று மணி நேரம் தமிழ்ச் சினிமாப் பாட்டு. வந்தவருக்கு ஒரு வரி விளக்கம் சொல்ல ஆளில்லை. பலகாரத்தைத் தின்றுவிட்டு அவர் போய்விடுகிறார். சீனக் கழகமும் இதையே செய்கிறது. அனைத்துலக மாணவர் கழகமும் ஆளுக்கொரு கொடியைப் பிடித்து ஊர்வலம் வந்து அதோடு முடித்துக்கொள்கிறது. இதற்குப் பண்பாட்டு இரவு என்று பெயர். இரவு மட்டும்தான் நடக்கிறது, பண்பாடு கைமாறுவதில்லை.

சரி, வழி என்ன? கழகங்களைக் கலைத்துவிடலாமா? இதற்கு மலாக்காவின் பழைய வரலாறே பதில் சொல்கிறது.

1511இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்த சிறிது காலத்தில் இங்கே வந்து தங்கிய தோமே பிரேஸ் என்பவர், இந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். இத்தனை மொழிக்காரர்களை மலாக்கா சுல்தான்கள் எப்படிச் சமாளித்தார்கள்? நான்கு ஷாபண்டார்களை, அதாவது துறைமுக அதிகாரிகளை நியமித்தார்கள். குஜராத்தியருக்கு ஒருவர். தமிழ் வணிகர்களான கிளிங்குகளோடு வங்காளம், பெகு, பாசாய் பகுதி வணிகர்களுக்கு ஒருவர். சாவகம், மொலுக்காஸ், பலெம்பாங் முதலிய தீவுக்காரர்களுக்கு ஒருவர். சீனர், சம்பா நாட்டார் முதலியோருக்கு ஒருவர். கப்பல் வந்து நின்றதும் அந்தந்த ஷாபண்டார் தம் மக்களை வரவேற்பார். தங்க இடம் காட்டுவார். சரக்கு வைக்கக் கிடங்கு ஒதுக்குவார்.

இதுவரை கேட்டால் இன்றைய இனக் கழகம் போலத்தான் இருக்கிறது. ஆனால் ஷாபண்டாருக்கு இன்னொரு கடமையும் இருந்தது. வந்த கப்பல் தலைவரை அழைத்துக்கொண்டு போய் பெண்டஹாராவின் முன்னால் நிறுத்த வேண்டும். நகரத்துக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டும். அப்படி அறிமுகமானால்தான் தமிழர் கொண்டுவந்த துணி சாவகர் கைக்குப் போகும்; மொலுக்காஸ் கிராம்பு குஜராத்தியர் கைக்கு வரும். தன் ஆளுக்கு இடம் கொடுப்பது முதல் வேலை. அவனை அடுத்தவனிடம் கொண்டு சேர்ப்பது இரண்டாவது வேலை. முதல் வேலையோடு ஷாபண்டார்கள் நின்றிருந்தால் மலாக்கா நான்கு கிடங்குகளாக இருந்திருக்கும். உலகச் சந்தையாக ஆகியிருக்காது.

இன்றைய கழகங்களுக்கு வைக்க வேண்டிய பரீட்சையும் இதுதான். முதல் வேலையை நன்றாகச் செய்கிறீர்கள், பாராட்டுகள். இரண்டாவது வேலை என்ன ஆயிற்று?

நேயர்களே, இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மலாக்காவில் மருத்துவம் படிக்கும் மாணவர் பாதிக் காலத்தை மருத்துவமனைக் கட்டிலோரத்தில் கழிக்கிறார். அந்தக் கட்டிலில் படுத்திருப்பது ஒரு மலாய் மூதாட்டியாக இருக்கலாம். ஹொக்கியன் மட்டும் பேசும் சீனத் தாத்தாவாக இருக்கலாம். தோட்டத்திலிருந்து வந்த நம் பாட்டியாக இருக்கலாம். பாட்டி "நெஞ்சு கரிக்குது" என்பார். இன்னொரு நாள் "நெஞ்சு அடைக்குது" என்பார். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். முதலாவது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு. இரண்டாவது மாரடைப்பாக இருக்கக்கூடும். வெளிநாட்டு மாணவருக்கும் சீன மாணவருக்கும் அதை யார் சொல்லிக் கொடுப்பது? தமிழ் மாணவர்தான். அதே தமிழ் மாணவருக்கு ஹொக்கியன் தாத்தாவின் முனகலை விளக்குவது சீன நண்பர்தான். மூன்று ஆண்டுகள் தனித்தனி மேசையில் சாப்பிட்டவர்கள், கட்டிலோரத்தில் திடீரென்று ஒருவருக்கொருவர் உதவிக்கொள்வார்களா? பழக்கம் முன்கூட்டியே வேண்டும்.

மலாக்கா-மணிப்பால் கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் பாடம் வேறு விதமாகவும் கிடைத்தது. அந்தக் கல்லூரியின் பழைய ஏற்பாட்டின்படி, படிப்பின் முதல் பாதி இந்தியாவில் கர்நாடக மாநிலத்து மணிப்பாலில், பின்பாதி மலாக்காவில். இப்போது அது மணிப்பால் பல்கலைக்கழகக் கல்லூரி மலேசியா என்ற பெயரில் இயங்குகிறது. அன்று மணிப்பாலுக்குப் போன மலேசியப் பிள்ளைகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். சுற்றிலும் கன்னடமும் துளுவும். நம் தமிழ்ப் பிள்ளைகூட அங்கே வெளிநாட்டு மாணவர்தான். "இந்தியா போகிறோம், நம் ஊர் போலத்தான் இருக்கும்" என்று போனவருக்கு, 'தாப்பாவ்' என்றால் பொட்டலம் கட்டுவது என்று புரிந்துகொள்ள அங்கே யார் இருந்தார்கள்? உடன் வந்த மலாய் நண்பரும் சீன நண்பரும்தான். நாசி லெமாக் ஆசை வந்தால் கூட்டாளிகள் அவர்கள்தான். ஊரில் இனமாகப் பிரிந்து உட்கார்ந்தவர்கள், கடல் தாண்டியதும் மலேசியர் என்று ஒரே மேசைக்கு வந்துவிடுகிறார்கள். இதைச் செய்ய நமக்குக் கடல் தாண்டும் செலவு ஏன்?

இப்படிக் கடல் தாண்டிக் கூடியவர்கள் சரித்திரத்தையே மாற்றியிருக்கிறார்கள். 1949இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்த மலாயா மாணவர்கள் 'மலாயன் ஃபோரம்' என்ற கழகத்தைத் தொடங்கினார்கள். கோ கெங் சுவீ, அப்துல் ரசாக், தோ சின் சாய், மோரிஸ் பேக்கர் ஆகியோர் அதில் இருந்தவர்கள். மலாய்க்காரர், சீனர், யுரேசியர் என்று இனம் பார்க்காமல் ஒரே அறையில் உட்கார்ந்து, தங்கள் நாடு எப்படி விடுதலை பெறுவது என்று வாதாடினார்கள். பின்னாளில் அப்துல் ரசாக் மலேசியாவின் இரண்டாவது பிரதமரானார். கோ கெங் சுவீ சிங்கப்பூரின் துணைப் பிரதமரானார். இரண்டு நாடுகளும் 1965இல் பிரிந்த பிறகும், மாணவப் பருவத்தில் பழகிய முகங்கள் எதிரெதிர் நாற்காலிகளில் இருந்தன. அவர்களை லண்டனில் ஒன்று சேர்த்தது சேலையும் ஜிப்பாவும் மாட்டிய ஓர் இரவு அல்ல. எல்லாருக்கும் பொதுவான ஒரு கேள்வியும், அதைப் பற்றிய தொடர்ந்த பேச்சும்தான்.

இங்கே ஒரு நியாயமான பயத்தையும் பேசிவிட வேண்டும். "எல்லாரோடும் கலந்தால் நம் தமிழ் என்னாவது?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். மலாக்கா காஜா பேராங்கில் வாழும் செட்டி சமூகத்தைச் சுட்டிக் காட்டுகிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் வந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். இங்கேயே மணமுடித்து, மலாய் பேசி, மலாய் உடை உடுத்தி வாழ்கிறார்கள். வீட்டில் தமிழ் இல்லை. ஆனால் முழுக் கதையையும் பார்க்க வேண்டும். பொய்யாத விநாயகர் கோயிலை எழுப்பியது அந்தச் சமூகம்தான். பொங்கல் வேளையில் முன்னோருக்குப் படையல் வைக்கும் 'பர்ச்சு' வழிபாட்டை விடாமல் செய்கிறார்கள். கலந்ததால் எல்லாம் போய்விடவில்லை. எதைக் காப்பது என்று அவர்கள் முடிவு செய்தார்களோ அது நின்றது. மொழியைக் காக்கப் பள்ளிக்கூடமும் ஏடும் அன்று அவர்களுக்கு இல்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன.

மலாயாப் பல்கலைக்கழகத்தை நினைத்துப் பாருங்கள். 1950களில் கோ. சாரங்கபாணி முன்னின்று நடத்திய 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஏழை எளிய மக்கள் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளியாகக் கொடுத்தார்கள். 1956இல் அங்கே இந்திய இயல் துறை தொடங்கியது. பல இனம் படிக்கும் பல்கலைக்கழகத்தின் நடுவில்தான் தமிழுக்கு இடம் கேட்டார்கள். ஒதுங்கிப் போய் அல்ல. அங்குள்ள தமிழ்ப் பேரவை மாணவர்கள் நடத்திவரும் 'பேரவைக் கதைகள்' சிறுகதைப் போட்டி எத்தனையோ எழுத்தாளர்களுக்கு வாசல் திறந்தது. வேர் உறுதியாக இருக்கும் மரம் காற்றுக்குப் பயப்படுவதில்லை. தமிழ் பேச வெட்கப்படும் பிள்ளைதான் கலப்பில் கரைந்துபோவான். தமிழை விளக்கிச் சொல்லத் தெரிந்த பிள்ளை, நாலு பேரைத் தமிழுக்கு அழைத்து வருவான்.

அடுத்து, வளாகத்துக்கு வெளியே இருக்கும் நமக்கும் ஒரு பரீட்சை உண்டு. கல்லூரியைச் சுற்றியுள்ள தாமான்களில் மாணவர்கள் வீடு வாடகைக்கு எடுக்கிறார்கள். "இந்தியர்களுக்கு இல்லை" என்று எழுதப்பட்ட வாடகை விளம்பரங்களைப் பார்த்து நாம் கொதித்தது உண்டு. அந்தக் கொதிப்பு நியாயமானது. ஆனால் நம்மவர் ஒருவருக்கே வாடகை வீடு இருந்து, கதவைத் தட்டியது ஓர் ஆப்பிரிக்க மாணவர் என்றால்? "வீடு காலி இல்லை" என்று சொல்லிவிட்டு, அடுத்த நாள் வேறொருவருக்குக் கொடுப்பவர் நம்மில் இல்லையா? எவனோ ஒருவன் செய்த தப்புக்கு அந்த நிறத்தையே சந்தேகிக்கிறோம். நம்மையும் அப்படித்தான் சந்தேகிக்கிறார்கள் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். அந்த மாணவருக்கு பி.டி.பி.டி.என். கடன் கிடையாது, வேலை செய்து சம்பாதிக்கவும் கட்டுப்பாடு. வீட்டில் நிலத்தை விற்றோ நகையை விற்றோ அனுப்பியிருப்பார்கள். நகையை அடகு வைத்துப் பிள்ளையைப் படிக்க வைப்பது என்றால் என்னவென்று தோட்டத்து அம்மாக்களுக்குத் தெரியாதா? தாத்தா காலத்தில் கப்பலில் வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று வந்து இறங்குபவரைப் பார்த்து முகம் திருப்பலாமா?

ஆகவே அணியினர் முன்வைத்த வாதங்களிலிருந்து சில காரியங்களைத் திரட்டிச் சொல்லலாம்.

கழகத் தலைவர்களுக்கு: ஆண்டுக்கு ஒரு விருந்து என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த நிகழ்ச்சி நடத்தினாலும் இன்னொரு கழகத்தோடு சேர்ந்து நடத்துங்கள். அழைப்பிதழில் தமிழ் இருக்கட்டும். கூடவே மற்றவருக்குப் புரியும் மொழியில் நாலு வரி இருக்கட்டும். பொங்கல் வைக்கும்போது வெளிநாட்டு மாணவரை வேடிக்கை பார்க்க நிறுத்தாமல், அகப்பையை அவர் கையில் கொடுங்கள். பால் பொங்கும்போது ஏன் கூவுகிறோம் என்று சொல்லுங்கள். அவர் ஊரில் அறுவடையை எப்படிக் கொண்டாடுவார்கள் என்று கேளுங்கள். சொல்வதைவிடக் கேட்பதில்தான் நட்பு பிறக்கிறது.

இன்னொன்று: அருகிலுள்ள தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு மாதம் ஒருமுறை பாடம் சொல்லிக்கொடுக்கப் போகும்போது, ஒரு சூடான் மாணவரையும் ஒரு சீன மாணவியையும் உடன் அழைத்துப் போங்கள். கணக்கு எல்லா மொழியிலும் கணக்குதான். உலகம் என்பது தொலைக்காட்சிப் பெட்டிக்குள் மட்டும் இல்லை என்று அந்தச் சின்னப் பிள்ளைகள் நேரில் காணட்டும். ஆங்கிலத்தில் நாலு கேள்வி கேட்கும் துணிச்சலும் தானாக வரும்.

கல்லூரி நிர்வாகத்துக்கு: வெளிநாட்டு மாணவரைக் கட்டணம் கட்டும் எண்ணாக மட்டும் பார்க்காதீர்கள். விடுதி அறைகளைக் கலந்து ஒதுக்குங்கள். குழு வேலைகளில் மாணவர்களே ஆள் சேர்த்துக்கொள்ள விட்டால் இனம் இனமாகத்தான் சேர்வார்கள். விரிவுரையாளர் பெயர் சொல்லிப் பிரிக்கட்டும். இரண்டு கழகங்கள் சேர்ந்து நடத்தும் நிகழ்ச்சிக்குக் கூடுதல் நிதி கொடுத்துப் பாருங்கள், சுவர் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்று தெரியும்.

பெற்றோருக்கு: பிள்ளை விடுமுறையில் வீட்டுக்கு வரும்போது, "நம்ம ஆளுங்க எத்தனை பேர் இருக்காங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள். "வேற யாரோடெல்லாம் பழகுற? ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா, பசியாறிட்டுப் போகட்டும்" என்று சொல்லுங்கள். தோசையும் சம்பலும் வைத்து ஒரு வேளை உணவு கொடுத்தால், ஒரு கருத்தரங்கம் செய்யாததை அது செய்துவிடும். மலாய்க்காரர்கள் ஒரு பழமொழி சொல்வார்கள்: 'தாக் கெனால், மாக்கா தாக் சிந்தா'. அறிமுகம் இல்லாவிட்டால் அன்பும் இல்லை என்பது பொருள்.

தீர்ப்புக்கு வருவோம். இனக் கழகங்கள் வேண்டும் என்ற அணிக்குப் பாதி வெற்றி. வேண்டாம் என்ற அணிக்கும் பாதி வெற்றி. கழகம் இருக்கட்டும். முதல் ஆண்டு மாணவனுக்கு அது நிழலாக இருக்கட்டும். ஆனால் இரண்டாம் ஆண்டில் அவன் கையைப் பிடித்து அடுத்த மேசைக்கு அழைத்துப் போகாத கழகம், மூன்றாம் ஆண்டில் அவனுக்குச் சுவராகிவிடும். உங்கள் கழகம் எந்த வகை என்று தெரிய வேண்டுமா? இந்த வாரமே உங்கள் கழகத்துப் பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம் மொழி பேசாத நண்பர் ஒருவரின் பெயரும், அவருடைய ஊரின் பெயரும் சொல்லுங்கள்." பத்துப் பேரில் எத்தனை பேர் தயங்காமல் பதில் சொல்கிறார்களோ, அத்தனை மதிப்பெண்தான் உங்கள் கழகத்துக்கு.